முஸ்தபாவுக்கு ஒரு பெட்டி

அன்புள்ள சார்,

சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. நானும் அண்ணனும் அங்கே முஸ்தபா கேம் ஆடித்தான் வளர்ந்தோம். இப்போது வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதில் அதே மாதிரி ஒரு ஆர்கேட் பெட்டி செய்து வைக்க ஆசை. நான்கு பேர் ஆடும்படி, ஆளுக்கு ஆறு பட்டன், நடுவில் கையால் உருட்டும் டிராக்பால் பந்து, உள்ளே ஐயாயிரம் கேம். கார்பெண்டர் படம் வரைந்து தரச் சொல்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது? அப்பாவின் பழைய பிக்சர் டியூப் டிவியைக் கழற்றி உள்ளே பொருத்தலாமா? நீங்கள் ஒன்று செய்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ர.செ., ஈரோடு

அன்புள்ள ர.செ.,

ஐயாயிரம் கேம் என்கிறீர்கள், ஆனால் கடிதத்தில் பெயர் சொல்லியிருப்பது ஒன்றைத்தான். அந்த ஒன்றுக்கே பெட்டி செய்யுங்கள்.

நாம் முஸ்தபா என்று கூப்பிட்டது ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’, கேப்காம் 1993-ல் வெளியிட்டது. அதில் வரும் நான்கு பேரில் மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபா. நம் ஊரில் அவன் பெயரே கேமுக்கும் நின்றுவிட்டது. ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் ஆட முடியும், நான்காவது ஆளுக்கு இடமில்லை. ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். ஆறு பட்டன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆடுகிறவர்களின் கவலை. முஸ்தபாவில் அடியையும் குதியையும் சேர்த்து அமுக்கினால் சுற்றி நிற்பவர்கள் எல்லாம் விழுவார்கள், நமக்கும் கொஞ்சம் உயிர் குறையும், ஞாபகம் இருக்கிறதா? அப்படியானால் இரண்டு பட்டனும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தானாக வந்து விழும் இடத்தில் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும்.

படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெட்டியின் வெளிவடிவத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தால் வெட்டி, உங்கள் முழங்கைக்கு நான்கு விரல் கீழே வரும் உயரத்தில் மேஜை மேல் அடுக்கி வையுங்கள். அண்ணனையும் இன்னொருவரையும் கூப்பிட்டு மூன்று பேரும் தோளோடு தோள் நில்லுங்கள். கை எங்கே விழுகிறதோ அங்கே பேனாவால் வட்டம் போடுங்கள். பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் பொருத்தும் பலகை மூன்று அடிக்கு மேல் போய்விடும். பயப்பட வேண்டாம், பெட்டியின் உடம்பு இரண்டடி அகலம் இருந்தால் போதும், பலகை இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஆனால் போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்யுங்கள். மாடி அறை என்கிறீர்கள், கதவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் இன்றைக்கே அளந்துவிடுங்கள்.

பலகை கழற்றும்படி இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் யாராவது பேக்-மேன் கேட்பார்கள். 1980-ல் வந்த அந்த கேம் நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காகச் செய்தது. முஸ்தபாவுக்கு எட்டுத் திசை வேண்டும். எட்டுத் திசைக் குச்சியில் பேக்-மேன் ஆடினால் மூலையில் திரும்பும்போது கை சற்றே சரிந்து, மேலே போகும் சுவிட்சும் பக்கவாட்டு சுவிட்சும் ஒன்றாக விழும். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவன் முட்டிக்கொண்டு நிற்பான், ஆடுகிறவர் தன் கையைத்தான் நொந்துகொள்வார். சன்வா கம்பெனி மாதிரி ஜாய்ஸ்டிக்குகளில் அடியில் உள்ள சதுரத் தட்டைக் கழற்றி 45 டிகிரி திருப்பிப் போட்டால் நான்கு திசையாகிவிடும். ஒவ்வொரு முறையும் பலகையைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். டிராக்பாலை மறந்துவிடுங்கள், அது இருக்கும் இடத்தில்தான் உங்கள் மணிக்கட்டு வரும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 30 எம்எம் பட்டன்களை ஆசையாக வாங்கி, 18 எம்எம் பிளைவுட்டில் வரிசையாக ஓட்டை போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, அவை காதுகளால் கவ்விக்கொள்ளும் ரகம். மெல்லிய தகட்டுக்கோ அக்ரிலிக்குக்கோ ஆனவை. பிளைவுட்டில் பிடிமானமே இல்லை, விரலை எடுத்தால் பட்டனும் கூடவே வந்தது. ஜாய்ஸ்டிக்கும் அப்படியே, முக்கால் அங்குல மரத்துக்கு மேலே குமிழ் மட்டும் காளான் மாதிரி எட்டிப் பார்த்தது. அப்புறம் மரம் குடையும் ரூட்டர் மெஷினை வைத்து அடிப்பக்கத்தைக் குடைந்தோம். நீங்கள் மரை போட்டு நட் முறுக்கும் பட்டனாகக் கேட்டு வாங்குங்கள், ஜாய்ஸ்டிக் தண்டின் நீளத்தையும் பாருங்கள்.

அப்பாவின் டிவியைத் தயவுசெய்து கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். ஆனால் படம் அதில்தான் அழகாக வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் உறையோடு அப்படியே பெட்டிக்குள் இறக்கி, பின்னால் சூடு போக வழி விட்டு, ஏவி ஒயரில் கொடுங்கள். கேமை ஓட்ட ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போதும், அதில் பை 4 வரை அந்த ஒயருக்கு ஜாக் இருக்கிறது. டிவி கனம் தாங்காது என்றால் ஆபீஸ்களில் கழித்துப்போட்ட பழைய 19 அங்குல சதுர மானிட்டர் நல்லது. அகலத்திரை வாங்கிப் படத்தை இழுத்துவிடாதீர்கள். முஸ்தபாவின் படம் 384-க்கு 224 புள்ளி. எண்ணைப் பார்த்தால் அகலத்திரைக்குச் சரி என்று தோன்றும். ஆனால் வரைந்தவர்கள் 4:3 டியூபில் பார்த்து வரைந்தது, அகலத்திரையில் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மலிவு என்று கார்பெண்டர் சொல்வார். 18 எம்எம்மில் எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்றே ஏறக்குறைய 40 கிலோ. நாம் தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கிறவர்கள், ஆறு மாதத்தில் அடி ஊறிப் பொங்கிவிடும். பிளைவுட்டே போடுங்கள், கீழே சக்கரம் வைத்து இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள்.

காசு போடும் பொறியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதுவும் ஒரு சுவிட்ச்தான், பக்கவாட்டில் ஒரு பட்டன் வைத்தால் வேலை முடிந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் காசைக் கையில் வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே கைவிட்டுத்தான் கிரெடிட் ஏற்றுவார். நான் என் பெட்டியில் அந்த பட்டனை உள்ளேதான் வைத்திருக்கிறேன். சாவி என்னிடம்.