பருப்பு பர்கர் ஏன் உதிர்கிறது? கேட்டவர்களுக்குப் பதில்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே எட்டு வருடமாக ஆர்டர் எடுத்து பருப்பு பர்கர் செய்து கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "உதிர்கிறது" என்ற ஒரே புலம்பல்தான். அதற்கு முன் ஒரு பெயர்ப் பிரச்சினை. பன்னுக்கு நடுவில் வைப்பதைப் பேட்டி என்று எழுதினால் நேர்காணல் ஆகிவிடுகிறது, பாட்டி என்று எழுதினால் ஆயா கோபித்துக்கொள்வார். கட்லெட் என்றே எழுதுகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, மைசூர் பருப்பைக் குக்கரில் வேகவைத்து, மசித்துத் தட்டினேன். தோசைக்கல்லில் போட்டதும் கூழாகிவிட்டது. ஆனால் மசால்வடை எனக்கு ஒரு நாளும் உதிர்ந்ததில்லை. எங்கே தப்பு?

வடையிலேயே பதில் இருக்கிறது தங்கச்சி. மசால்வடைக்கு ஊறிய பச்சைப் பருப்பை அரைக்கிறோம். அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயில்தான் முதன்முறையாக வேகிறது, வேகும்போதே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. குக்கரில் வெந்த பருப்புக்கு அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது. போதாக்குறைக்குத் தண்ணீரை வேறு குடித்து வைத்திருக்கும். ஆக, ஈரத்தை எடுக்க வேண்டும், பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது கொடுக்க வேண்டும்.

உடைத்த மைசூர் பருப்பு இதற்கு வேண்டாம், அது குழைவதற்கென்றே பிறந்தது. தோலோடு இருக்கும் பழுப்பு நிற முழு மசூர் வாங்குங்கள். என் அளவு இது: 200 கிராம் மசூரை 2 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுவேன். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், தானாகக் கரையக் கூடாது. வடிதட்டில் வடித்து, வேட்டித் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம். இந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பருப்பில் பாதியை மசித்து, பாதியை முழுசாகவே விடுங்கள். அவித்த உருளைக்கிழங்கு ஒன்று, பொன்னிறம் தாண்டும் வரை வதக்கிய வெங்காயம், அரை கப் ரொட்டித்தூள், 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, சோம்பு, மிளகு, உப்பு. பிசைந்து, தட்டி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்த பிறகே கல்லில் போட வேண்டும். மிதமான தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம். அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும் முன் திருப்பினால் உடையத்தான் செய்யும். கை குறுகுறுக்கும், பொறுங்கள். ஆறு, ஏழு கட்லெட் வரும்.

காலாப்பட்டு ஹாஸ்டலில் இருந்து: அப்படியானால் மசால்வடையையே பன்னில் வைத்துவிடலாமே?

வைக்கலாம் தம்பி, தொண்டையை அடைக்கும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

வடலூரிலிருந்து: எங்கள் வீட்டில் முட்டை கூடாது. நான் பார்த்த செய்முறைகளில் எல்லாம் முட்டை ஊற்றுகிறார்கள்.

1867-இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு முட்டைக்குக் கவலைப்படலாமா! மேலே சொன்ன அளவில் முட்டையே இல்லை, பாருங்கள். பொட்டுக்கடலை மாவு போதும், மிச்ச ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் ரொட்டித்தூளுக்குப் பதிலாக அவலை வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம்.

பண்ருட்டியிலிருந்து: பலாக்கொட்டை சேர்க்கலாமா? சீசனில் வீடு முழுக்க அதுதான்.

சேர்க்கலாமா என்றா கேட்கிறீர்கள்? உருளைக்கிழங்கைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். அவித்துத் தோல் உரித்து மசித்தால் கிழங்கைப் போல ஈரம் விடாது. பலாப்பிஞ்சு கிடைத்தால் அதையும் வேகவைத்து, நன்றாகப் பிழிந்து, நார் நாராகப் பிய்த்துப் போடுங்கள். பருப்பில் இல்லாத அந்த இழை அதிலிருந்து வரும். பிழியாமல் போட்டால் மறுபடியும் கூழ்தான்.

உங்கள் ஊர் முந்திரியையும் விடாதீர்கள். முழுப்பருப்பு வேண்டாம், உடைசல் போதும். வெந்நீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் கடுகுத்தூள், உப்பு சேர்த்து மைய அரைத்தால் முட்டையில்லாத மயோனைஸ்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: வீட்டுக்காரர் கறி சாப்பிடுபவர். "இது பருப்பு வாசனை அடிக்குது" என்கிறார்.

பருப்பு பருப்பு வாசனை அடிக்காமல் மீன் வாசனையா அடிக்கும்? சரி, அவரைச் சமாதானப்படுத்த வழி இருக்கிறது. காளானைப் பொடியாக நறுக்கித் தண்ணீர் சுண்டும் வரை வதக்கிச் சேருங்கள், ஒரு தேக்கரண்டி சோயா சாஸும் ஊற்றுங்கள். உப்பை அதற்கேற்பக் குறையுங்கள். இன்னொன்று, புகை. கொட்டாங்குச்சித் துண்டைக் கனலாக்கி, சின்னக் கிண்ணத்தில் வைத்து, கட்லெட் கலவைக்கு நடுவே இறக்கி, மேலே நாலு சொட்டு எண்ணெய் விட்டு 5 நிமிடம் மூடிவையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்படியும் கறி ருசி வராது, வர வேண்டியதும் இல்லை என்பது என் கட்சி.

ரெட்டியார்பாளையத்திலிருந்து: பிரெஞ்சு ரொட்டியில் வைத்தால் நம் ஊர் ஸ்டைலாக இருக்குமே?

பார்க்க அழகாக இருக்கும். மேலோடு கெட்டி என்பதால் கடித்ததும் கட்லெட் பின்பக்கமாக வழுக்கி மடியில் விழும். நானும் வெள்ளைப் புடவையில் விழவைத்துப் பார்த்துவிட்டேன். மிருதுவான பன்னை உள்பக்கம் லேசாக வெண்ணெயில் வாட்டுங்கள், சாஸ் ஊறாது. பிரெஞ்சு ரொட்டி மீந்தால் காயவைத்துப் பொடியுங்கள், அதைவிட நல்ல ரொட்டித்தூள் கிடையாது. நம் கடற்கரைக் காற்றில் அது நமத்துப்போகும், காற்றுப்புகாத டப்பா வேண்டும்.

வில்லியனூரிலிருந்து: உடற்பயிற்சி செய்கிறேன். கோழிக்கு இது ஈடாகுமா?

உலர்ந்த மசூரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம். ஆனால் நாம் தின்பது வெந்த பருப்பு. தண்ணீர் ஏறியதால் அதில் 100 கிராமுக்கு 9 கிராம்தான். அதே எடைக் கோழியில் இதைப் போல் மூன்று மடங்கு இருக்கும். பருப்பில் குறையும் அமினோ அமிலத்தைக் கோதுமை பன் ஈடுகட்டும், இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்கிற கணக்குத்தான். பி12 மட்டும் பருப்பில் இல்லை. பால், தயிர்கூடச் சேர்க்காதவர் என்றால் அதற்கு மருத்துவரிடம் கேளுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

பொரிக்காமல், நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால் 2 மாதம் தாங்கும். உருகவிடாமல் அப்படியே கல்லில் போட்டு, சிறுதீயில் மூடி வேகவையுங்கள். மின்சாரம் நீண்ட நேரம் போனால்தான் கஷ்டம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரு ஆர்டருக்கான நாற்பது கட்லெட் ஃப்ரீசரில் இருந்தது. திறந்து பார்த்தபோது குளிர்ச்சியே இல்லை. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். வாசனை நன்றாக இருக்கிறதே என்று நீங்களும் ஏமாறாதீர்கள்.