பாம்பன் உப்புக்காற்றும் அம்பாசடரின் கரண்டும்

கேள்வி: பாம்பனில் கடலை ஒட்டி வீடு. 1986 மாடல் பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கிறேன். காலையில் செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் பிடிப்பதில்லை. பத்து மணி வெயில் ஏறியதும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. பாலத்து ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கிறது. நாலு பிளக்கும் காயிலும் புதிதாகப் போட்டாயிற்று. டபிள்யூடி 40 அடித்தால் இரண்டு நாள் ஓடுகிறது, பிறகு பழைய கதைதான். எங்கே கோளாறு?

பதில்: "இரண்டு நாள் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்ப்ரே ஈரத்தை விரட்டுகிறது; உப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. காய்ந்த உப்பில் கரண்ட் பாயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி அடியில் தண்ணீர் விடுகிறதல்லவா, விடியற்காலையில் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் (கரண்டை நாலு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பகுதி) மூடிமேல் நடப்பதும் அதுதான். வெயில் ஏறியதும் காய்ந்துவிடுவதால் மெக்கானிக் வந்து பார்க்கும் நேரத்தில் வண்டி யோக்கியமாக நிற்கிறது.

செல்ப் சுற்றும்போது பேட்டரி 12 வோல்ட்டிலிருந்து 10-க்குப் பக்கத்தில் இறங்கும். பேட்டரி வோல்ட்டைப் பல மடங்கு ஏற்றிக் காயில் கொடுக்கும் கரண்டும் அந்த அளவுக்கு மெலியும். அந்த நேரத்தில் மூடிமேல் ஈர உப்புப் படலம் இருந்தால், பிளக் இடைவெளியைத் தாண்டுவதைவிட மூடிமேல் ஊர்ந்து எர்த்துக்கு (வண்டியின் இரும்புக்கு) போவது கரண்டுக்குச் சுலபம். பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது; அந்த அழுத்தத்தில் பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். அப்போதும் கரண்ட் குறுக்கு வழியைத்தான் தேடும். காலைத் தொல்லையும் பாலத்துத் தொல்லையும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் பெட்ரோல் சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். காலையில் பத்து விநாடி செல்ப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் வரவில்லை. காய்ந்திருந்தால் பம்பையும் கார்பரேட்டரையும் பாருங்கள். கீழே சொல்வது எதுவும் உங்களுக்கு உதவாது.

கரண்ட் கசிவைக் கண்ணால் பார்க்கவே வழி இருக்கிறது. இருட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, மூடிமேலும் பிளக் வயர்கள்மேலும் ஸ்ப்ரே பாட்டிலால் பூவாளித் தூறல் மாதிரித் தண்ணீர் தெளியுங்கள். கசிவு இருந்தால் நீல நூல் நூலாக ஊர்வது தெரியும். எதையும் தொட வேண்டாம். அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். வேட்டி, துண்டு ஃபேன் பக்கம் போகக் கூடாது. பெட்ரோல் வாடை இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

அடுத்து மூடியைக் கழற்றி உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? பேக்லைட் எரிந்து கரியாகி, கரண்ட் தனக்கென்று போட்டுக்கொண்ட பாதை அது. சுரண்டினால் சில நாள் ஓடும், அவ்வளவுதான். மூடியையும் அதற்குள் சுற்றும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். நடுவில் உள்ள கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கில் துள்ளுகிறதா என்றும் விரலால் அழுத்திப் பாருங்கள். பிளக் வயரின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், செம்பு பளபளக்கும் வரை நறுக்கிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். களிம்பு உள்ளே தொடர்ந்து போனால் செட்டையே மாற்ற வேண்டியதுதான்.

கோடு எதுவும் இல்லையென்றால் கழுவினாலே போதும். வயர்களுக்கு நம்பர் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழி. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம், பழைய டூத் பிரஷ். தண்ணீர் குடிதண்ணீராக இருக்கட்டும். நம் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசின கதையாகும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் காயிலின் தலைப்பகுதியையும் நனைத்த துணியால் துடையுங்கள்; இந்த இரண்டையும் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, ரப்பர் தொப்பிகளின் உள்விளிம்பில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பாலித்தீன் பையால் இறுக்கிக் கட்டும் வழக்கமும் வேண்டாம். உள்ளே வியர்த்து நிலைமை மோசமாகும். வாடைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பதும் மாதம் ஒருமுறை கழுவுவதும் நல்லது.

புதுக் காயில் பற்றி ஒரு சந்தேகம். இக்னிஷனை அணைத்து, காயிலின் இரண்டு சின்ன முனைகளிலும் உள்ள வயரைக் கழற்றி, மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். 3 ஓம் சுமார் இருந்தால் சரி. 1.5 ஓம் காட்டினால் அது கரண்டை மட்டுப்படுத்தும் பேலஸ்ட் ரெசிஸ்டருடன் போட வேண்டிய காயில். நேரடியாக மாட்டினால் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) தீய்ந்துகொண்டே இருக்கும். கடையில் பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பாயின்ட்டை நெம்பித் திறந்து பாருங்கள். முகம் சாம்பல் பூத்திருந்தால் பாயின்ட் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டிக் காகிதத்தை நடுவில் விட்டு உருவுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் துகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பாயின்ட்டைத் தூக்கும் கேம் மேட்டில் இருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இடைவெளி கூடினால் டைமிங் (பொறி பறக்கும் நேரம்) முந்தும், குறைந்தால் பிந்தும். அதனால் இதைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொடுங்கள். பாயின்ட் அடிக்கடி கருகினால், அதில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரையும் மாற்றுங்கள், விலை சொற்பம்தான்.

எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மற்றதை என்ஜின் இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையின் போல்ட்டுகளுக்கு அடியில் துரு ஏறியிருக்கிறது. கழற்றிச் சுரண்டி, முறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். பிறகு சாவியை ஆன் செய்து, பாயின்ட் மூடிய நிலையில் சில விநாடி மட்டும் காயிலின் பாசிட்டிவ் முனையில் அளந்தால் பேட்டரி வோல்ட்டே வர வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சாவி சுவிட்சிலோ கனெக்டரிலோ களிம்பு இருக்கிறது. பாயின்ட் மூடிய நிலையில் சாவியை ஆனிலேயே விட்டுவிடாதீர்கள், காயில் சூடேறிக் கெடும்.

இத்தனையும் செய்த மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குள் சாவி போட்டுப் பாருங்கள். வெயில் ஏறிய பிறகு பார்ப்பது சோதனையே ஆகாது.