அப்பாவுக்கு வந்த கடிதங்களை விற்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பாவுக்கு, இங்கிலாந்தின் மாயாஜாலக் கதை எழுத்தாளர் ஒருவர் கைப்பட எழுதிய நான்கு கடிதங்கள் எங்களிடம் உள்ளன. இருவருமே இப்போது இல்லை. எழுத்தாளர் 1975-இல் காலமானார். ஈப்போ தரகர் ஒருவர் 3,000 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொல்லி, ‘பதிப்புரிமையும் சேர்த்து’ என்ற தாளில் கையெழுத்து கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள், சகோதரி. தாளும் உறையும் அப்பாவின் சொத்து. இப்போது வாரிசுகளான உங்களுக்கு. அவற்றை விற்கத் தடையில்லை, உடன்பிறந்தவர்களும் சம்மதித்தால். ஆனால் அந்த வரிகளை அச்சிடும் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்குத்தான். இல்லாத உரிமையை விற்றுவிட்டு, நாளை வக்கீல் நோட்டீஸ் வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

“ஆள் செத்து 50 வருஷம் ஆச்சு, இனி யாரும் அச்சிடலாம்” என்பார் தரகர். நம் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் அந்தக் கணக்கு உண்டு. ஆனால் அது அவர் இருந்தபோதே வெளியான எழுத்துக்கு. இந்தக் கடிதங்கள் அச்சேறவே இல்லையே! அப்படிப்பட்டவற்றுக்கு, முதன்முதலாக வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில்தான் 50 ஆண்டு தொடங்கும். அவர் வாரிசுகள் 2027-இல் வெளியிட்டால் 2077 முடியும்வரை உரிமை அவர்களுக்கே. சட்டத்தில் தெளிவாக இருக்கும் இந்த ஒரு பிரிவைப் புரட்டிப் பார்க்காமல், “பரவாயில்லை, அச்சிடுங்கள்” என்று சொல்லி அனுப்பும் கவுன்டர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன். அச்சிட ஆசையிருந்தால் அவர் நூல்களை வெளியிடும் பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, உறைகள். என்னிடம் வந்த ஒரு பெரியவர், “தபால்தலைக்காக” என்று கேட்டவரிடம், தன் அப்பாவுக்கு வந்த கடிதங்களின் ஐந்து உறைகளையும் 50 வெள்ளிக்குக் கொடுத்திருந்தார். தேதி முத்திரையும் தோட்ட முகவரியும் அந்த உறைகளில்தான் இருந்தன. உறையில்லாத அந்தக் கடிதங்கள் அவர் அப்பாவுக்குத்தான் வந்தன என்று காட்ட வேறு ஆதாரமே இல்லாமல் போயிற்று. ‘சோதனைக் கட்டணம்’ கேட்பவரிடமும் ஒரு காசு கொடுக்காதீர்கள். பெரிய ஏல நிறுவனங்கள் படம் அனுப்பினாலே உத்தேச விலை சொல்லும், இலவசமாக.

அதுவரை லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் மையும் கூடவே வரும். ஒவ்வொரு கடிதத்தையும் அதனதன் உறையோடு வைத்து, ஈரமில்லாத அலமாரியில், இராமபாணப் பூச்சி அண்டாமல் பூட்டுங்கள். தரகர் மறுபடி வந்தால் படத்தை மட்டும் காட்டுங்கள்.