கல்லையும் சிப்பியையும் பார்த்தே பழங்காலத்தில் கடல் எங்கே இருந்தது என்று சொல்கிறார்களே, வெறும் ஊகம்தானே?

ஊகம் இல்லை. எங்கள் ராமநாதபுரம் கரையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பாம்பன் பக்கம், ராமேஸ்வரம் தீவின் வடகரையில், கடல்மட்டத்துக்கு மேலே செத்துக் காய்ந்த பவளப்பாறையைப் பார்க்கலாம். பாறை கட்டும் பவளம் வெதுவெதுப்பான, கலங்காத, வெயில் இறங்குகிற ஆழமில்லாத உப்புத்தண்ணீரில்தான் வளரும், வெளியே நெடுநேரம் காய்ந்தால் செத்துவிடும். அப்படியானால் அது வளர்ந்த நாளில் அந்த இடம் தண்ணீருக்குள் இருந்திருக்க வேண்டும். கார்பன் முறையில், அதாவது அதில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து, கணித்தபோது வயது சுமார் 4000 ஆண்டு என்று வந்தது.

சரி, 1964-இல் தனுஷ்கோடியை அழித்ததுபோல ஒரு புயல் தூக்கிப் போட்டிருந்தால்? அதனால்தான் என்ன பவளம் என்பதோடு, அது எப்படிக் கிடக்கிறது என்றும் பார்க்கிறார்கள். அலை எறிந்தது உடைந்து, ஒருக்களித்து, தலைகீழாகக் கிடக்கும். வளர்ந்த இடத்திலேயே செத்தது அடி ஒட்டியபடி நேராக நிற்கும். போரைட்டிஸ் என்று ஓர் உருண்டைப் பவளம் உண்டு, மேலெல்லாம் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்திருக்கும். ஆழமில்லாத இடத்தில் இது வற்றத்தின், அதாவது கடல் இறங்கி நிற்கும் நேரத்தின், தண்ணீர் மட்டம்வரை மேலே வளரும், அதற்கு மேல் போக முடியாமல் உச்சி செத்துப்போய் பக்கவாட்டில் மட்டும் விரியும். அப்படித் தட்டையான உச்சி கிடைத்துவிட்டால் அன்றைய வற்றம் எந்த உயரத்தில் நின்றது என்று நெருக்கமாகவே சொல்லிவிடலாம். எனக்கு இதைவிட நம்பகமான சாட்சி தெரியாது.

சிப்பியும் அப்படித்தான். மணற்கல்லுக்குள் இரண்டு ஓடும் மூடியபடி இருந்தால் பெரும்பாலும் வாழ்ந்த இடத்திலேயே புதைந்தது. ஓடுகள் பிரிந்து, எல்லாம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தால் ஓடுகிற தண்ணீர் இழுத்து வந்தது, ஏனென்றால் மல்லாந்த ஓட்டை நீரோட்டம் புரட்டிப் போட்டுவிடும், கவிழ்ந்ததை அவ்வளவு சுலபமாக அசைக்காது. அலை வந்துபோகும் ஓரத்தில் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஆனால் கடல் இறங்கியதா, நிலம் எழும்பியதா என்பதைப் பவளம் மட்டும் சொல்லாது, இரண்டில் எது நடந்தாலும் பாறை வெளியே வந்துவிடும். தூரத்துக் கரைகளிலும் அதே வயதுப் பவளம் அதே உயரத்தில் இருந்தால் கடல் இறங்கியிருக்கிறது, இங்கே மட்டும் உயர்ந்திருந்தால் நிலம் எழும்பியிருக்கிறது. பாம்பன் பாறைக்கு இரண்டு காரணத்தையும் சொல்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.