‘குடுத்துட்டேன்’ என்ற ஒரு சொல்: கோர்ட்டுக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் இந்த முறை தொடர்கதைப் போட்டிக்குக் கொடுத்திருக்கும் கரு இது: செய்யாத குற்றத்துக்கு உள்ளே போன தாயோ தகப்பனோ வெளியே வந்து, தொலைந்துபோன பிள்ளையைத் தேடவேண்டும். திகில் கதை. முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் என்பதால் சட்டச் சந்தேகங்களை என் தலையில் கட்டிவிட்டார்கள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை: நம் நாட்டு நீதிபதி மேசையில் சுத்தியல் கிடையாது. யாரும் ‘ஆர்டர் ஆர்டர்’ என்று தட்டுவதும் கிடையாது.

லயத்துப்பெண்: ஐயா, வணக்கம். 2004-இல் மூன்று வயது மகனைக் கொன்றுவிட்டதாக அம்மாவுக்குத் தண்டனை. பையனின் உடல் கிடைக்கவே இல்லை. அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

முடியும் தங்கச்சி. சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்திருந்த 1965-இல் சன்னி ஆங் வழக்கு நடந்தது. காதலியைக் கடலில் முக்குளிக்கக் கூட்டிப்போனான், அவள் திரும்பவில்லை. உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்தே கொலைத் தீர்ப்பு, 1967-இல் தூக்கு.

உங்கள் கதைக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2004-இல் தண்டனைச் சட்டம் 302, அதாவது கொலை, என்றால் தூக்கு மட்டும்தான், நீதிபதிக்கு வேறு வழி இல்லை. கட்டாய மரண தண்டனை எடுபட்டதே 2023 ஜூலை 4-இல். உங்கள் அம்மா கயிற்றுக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் தேடுவது? அதனால் குற்றத்தைக் குறையுங்கள். 2001 சிறார் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இருக்கிறது: பிள்ளையை ஆபத்தில் விட்டது, கைவிட்டது. அப்போது அதிகபட்சம் பத்து வருடம் அல்லது இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) அல்லது இரண்டும். (2017 முதல் இருபது வருடம், ஐம்பதாயிரம். உங்கள் கதை நடக்கும் வருடத்தைப் பார்த்து எழுதுங்கள், இதை எல்லோருக்கும்தான் சொல்கிறேன்.) ஒன்பது வருடம் போட்டார்கள் என்று வையுங்கள். நன்னடத்தைக் கழிவு மூன்றில் ஒரு பங்கு போனால் ஆறாம் வருடம் காஜாங் பெண்கள் சிறை வாசலில் நிற்பாள். பையனுக்கு ஒன்பது வயது.

பிள்ளையைத் தொலைத்த தாயையே குற்றவாளியாக்கிய நிஜ வழக்கு வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவில் லிண்டி சேம்பர்லேன். 1980-இல் ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ நாய் தூக்கிப்போனது என்று கத்தினாள், யாரும் நம்பவில்லை. 1982-இல் ஆயுள் தண்டனை. காருக்குள் ரத்தம் என்று நிபுணர்கள் சொன்னதில் பெரும்பகுதி, சத்தத்தை அடக்க உற்பத்திக்கூடத்தில் அடித்த பூச்சு. குழந்தையின் மேல்சட்டை 1986-இல் கிடைத்த பிறகு வெளியே வந்தாள், 1988-இல் தீர்ப்பு ரத்து. டிங்கோதான் என்று மரண விசாரணை அதிகாரி முடிவாகச் சொன்னது 2012-இல். முப்பத்திரண்டு வருடம்.

கெட்டிச்சட்னி: ஜூரியில் ஒருவர் மட்டும் அவள் நிரபராதி என்று பிடிவாதமாக நிற்கிற மாதிரி எழுதியிருக்கிறேன்...

1995 ஜனவரி 1 முதல் இங்கே ஜூரி கிடையாது தம்பி.

பால்மரம்: ஐயா, நிரபராதி எப்படி மாட்டுவாள்? லஞ்சம் வாங்கிய இன்ஸ்பெக்டர், பணக்கார எதிரி என்று யோசித்தேன். எல்லாரும் அதையே எழுதுவார்கள் போலிருக்கிறது.

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வில்லனே வேண்டாம். ஒரு சொல் போதும்.

அவள் ரப்பர் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்காரி. விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன், தோட்டத்துப் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விடுகிறாள். அன்றைக்கு மத்தியானம் பிள்ளை இல்லை. பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) கேட்கிறார்கள், “பிள்ளை எங்கே?” அவள் அழுதுகொண்டே சொல்கிறாள்: “குடுத்துட்டேங்க. காலையிலேயே ஆயாகிட்ட குடுத்துட்டேன்.” நம் வாயில் அது ஒப்படைத்தது, பார்த்துக்கொள்ளச் சொன்னது. மலாயில் அதற்கு ‘தும்பாங்’ என்று வரவேண்டும். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவர் ‘சுடா பெரி’ என்று சொல்லிவிட்டால்? கொடுத்தாயிற்று. யாருக்கு? எவ்வளவுக்கு? அதே வாரம் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எண்ணூறு வெள்ளி அவள் கைக்கு வந்திருந்தால் கதை முடிந்தது. காசுக்குப் பிள்ளையைக் கைமாற்றுவது சிறார் சட்டத்தில் தனிக் குற்றம், அதையும் சேர்த்துக் கட்டுவார்கள். அவள் படிக்கத் தெரியாத மொழியில் வாக்குமூலம் டைப் ஆகிறது. கீழே கையெழுத்து, அதுவும் தமிழில்.

2004 என்றால் இது இன்னும் வசதி. இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டவரும் எடுத்த வாக்குமூலம், மிரட்டாமல் எடுத்ததென்றால், அப்போது கோர்ட்டில் செல்லும். 2007-இல் அமலுக்கு வந்த திருத்தம்தான் அந்தக் கதவைச் சாத்தியது.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. ஒரு வழக்கில் ‘அடிச்சுட்டான்’ என்பதற்கும் ‘அடிச்சே போட்டுட்டான்’ என்பதற்கும் நடுவில் நான் தடுமாறினேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆள் செத்தானா பிழைத்தானா என்பது என் வாயில் நின்ற நேரம் அது. சாட்சியிடம் திரும்பக் கேட்க அனுமதி வாங்கினேன். எல்லா மொழிபெயர்ப்பாளரும் வாங்குவார்கள் என்று சொல்லமாட்டேன்.

கனவுக்காரன்: அண்ணே, அவளுக்குப் பிரம்படி உண்டா?

சிவில் கோர்ட்டில் பெண்களுக்குப் பிரம்படி இல்லை.

மேல்வீட்டு மருமகள்: ஐயா, அப்பீலில் அவளை டிஎன்ஏஏ என்று விட்டுவிடுவதாக எழுதலாமா? விடுதலைதானே அதுவும்?

இல்லைம்மா. பேப்பரில் எழுதுகிறவர்களும் இதைத் தப்பாகவே எழுதுகிறார்கள். டிஎன்ஏஏ (discharge not amounting to acquittal) என்றால் இப்போதைக்குப் போ, வேண்டுமானால் திரும்பக் கூப்பிடுவோம் என்று அர்த்தம். அரசுத் தரப்பு வழக்கை நிறுத்திவைக்கும்போது வருவது அது. முழுசாக நடந்து தீர்ப்பான வழக்கில் அப்பீல் ஜெயித்தால் தண்டனை ரத்து, குற்றமற்றவள் என்று விடுதலை.

அப்பீல் நோட்டீஸ் கொடுக்கப் பதினான்கு நாள். உங்கள் திகில் அதற்குள்ளேயே இருக்கிறது. லாயர் இல்லை, புருஷன் ஓடிவிட்டான், பதினான்கு நாள் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. காலம் தாண்டியபின் அனுமதி கேட்கலாம், காரணம் காட்டவேண்டும். இன்னொன்று: செஷன்ஸ் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு உயர்நீதிமன்றம் போகும், அதற்கு மேல் புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு நின்றுவிடும். நாட்டின் உச்சியில் இருக்கும் கூட்டரசு நீதிமன்றப் படியில் அவளை உட்காரவைத்து அழவைக்காதீர்கள்.

ஓய்வூதியன்: என் இபிஎஃப் பணத்தில் பெயர் தப்பாக விழுந்திருக்கிறது...

அண்ணே, ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு இபிஎஃப் கிளைக்கே போங்க. என்னால் ஆகாது.

ரசிகை: ஜூரி தீர்ப்பு வாசிக்கும்போது நீதிபதி சுத்தியலால் தட்டி...

மேலே படித்துவிட்டு வாங்க.

பால்மரம்: வெளியே வந்தபிறகு அவள் எங்கே தேடுவாள்? வெல்ஃபேரிலா (சமூகநல இலாகா), ஜேபிஎன்னிலா (தேசியப் பதிவு இலாகா)?

பையன் எப்படிக் கைமாறினான் என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்யவேண்டும். சட்டப்படித் தத்து என்றால் 1952-இல் வந்த இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று கோர்ட்டு வழி, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. உத்தரவு ஆனதும் வளர்ப்புப் பெற்றோர் பெயரிலேயே புதுப் பிறப்புப் பத்திரம். மற்றது பதிவு வழி, எல்லா மதத்தாருக்கும். இரண்டு வருடமாவது பிள்ளை அவர்களிடம் வளர்ந்திருக்கவேண்டும்.

கோர்ட்டு வழியில் பெற்ற தாயின் சம்மதம் வேண்டும். கைவிட்டுவிட்டாள், ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சம்மதம் இல்லாமலும் கோர்ட்டு கொடுக்கலாம். இப்போது யோசியுங்கள். அரசாங்கமே சோறு போட்டு, நம்பர் கொடுத்து, பூட்டிவைத்திருக்கிற ஒருத்தியைக் ‘காணவில்லை’ என்று எவனோ சத்தியக் கடுதாசி போட்டிருக்கிறான். அந்தத் தாளில் இருக்கும் கையெழுத்துதான் உங்கள் வில்லன், வில்லன் இல்லாமல் முடியாது என்றால்.

தத்தே எடுக்காமல், தான் பெற்றது என்று தாமதப் பதிவு செய்துவிட்டால் தத்துப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. அங்கேதான் ஐசி எண் உதவும். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பேராக் 08, ஜொகூர் 01, சிலாங்கூர் 10. எந்த மாநிலம் என்றே தெரியாவிட்டால் 82. கடைசி எண் ஒற்றைப்படை ஆண், இரட்டைப்படை பெண். புதுப் பெயர் வைக்கலாம், புதுத் தேதி வைக்கலாம். ஆனால் பழைய பதிவு ஜேபிஎன்னில் உயிரோடு இருக்கும். பன்னிரண்டு வயதில் ஐசி எடுத்தாகவேண்டும். 2001-இல் பிறந்த பையன் 2013-இல் எடுக்கவில்லை என்றால் ஒன்று செத்துவிட்டான், இல்லை வேறு பெயரில் இருக்கிறான். கொன்றதாகச் சொல்லப்பட்டவள் அந்தப் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்காகக் காத்திருக்கிறாள் என்று எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

மூணு பிள்ளைக்காரி: இந்த நம்பர் எல்லாம் எதுக்கு ஐயா? பெத்த வயிறு போதும். எத்தனை பேர் நடுவில் நின்றாலும் தாய்க்குத் தன் பிள்ளை தெரியும்.

தெரியாதும்மா. ஒன்பது வருடம் பார்க்காத மகனைக் கோர்ட்டு வராந்தாவில் தகப்பன் தாண்டிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். பையன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான், மனுஷன் ‘சாரி’ சொல்லிவிட்டுத் தாண்டினார். மச்சம், தழும்பு, குடும்பப் பாட்டு எல்லாம் சினிமாவுக்கு.

மூணு பிள்ளைக்காரி: அது தகப்பன்.

ஆயா மகள்: நான் ஒன்று சொல்லலாமா? என் அம்மா ஆயாக்கொட்டகையில் இருபது வருடம். விடியறதுக்கு முன்னால் தூங்குகிற பிள்ளையைக் கொண்டுவந்து போடுவார்கள், வெயில் ஏறி வந்து எடுப்பார்கள். பல் முளைத்தது, நடந்தது எல்லாம் அம்மா கண்ணெதிரே. இன்றைக்கும் டவுன் மார்க்கெட்டில் நாற்பது வயசு ஆளை முதுகைப் பார்த்தே பேர் சொல்லிக் கூப்பிடுவார். தாய் அடையாளம் காணமாட்டாள் என்று சொல்லவில்லை. ஆயா முதலில் காண்பாள்.

மூணு பிள்ளைக்காரி: அப்போ பால் வெட்டப் போனவள் தாய் இல்லையா? என் அம்மா வெட்டினாள். வயிற்றுக்கு இல்லாமல்தானே விட்டுப் போனாள்? கூலிக்குப் பார்த்தவளுக்கு என்ன தெரியும்?

ஆயா மகள்: அக்கா, கூலிக்குத்தான். சளியும் மலமும் துடைத்த கூலி.

கனவுக்காரன்: முகத்தை வைத்துப் பேசாதீங்க. எங்க தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு பாட்டி, பிறப்பால் சீனப் பிள்ளை, கைக்குழந்தையில் எடுத்து வளர்த்தது. சேலை, பொட்டு, கோயிலில் கரகம், திட்டினால் அசல் தோட்டத்துத் தமிழ். யாரு பெத்தது என்று யாரும் கேட்டதில்லை.

தம்பி சொல்வது உண்மை, அந்தக் காலத்துத் தோட்டங்களில் அப்படி நிறையப் பேர். காகிதம் எதுவும் கிடையாது, கொடுத்தார்கள், எடுத்தார்கள். (பாருங்கள், மறுபடியும் ‘கொடுத்தார்கள்’.)

மூணு பிள்ளைக்காரி, தகப்பன் கதையை நான் உங்கள்மேல் எறிந்தது தப்பு. ஆனால் ஆயா மகள் என் கண்ணைத் திறந்துவிட்டார். மேலே நான் அந்த வாக்குமூலத்தை எழுதினேனே, ஆயாகிட்ட குடுத்துட்டேன் என்று? முப்பத்தோரு வருட அனுபவக்காரன் நான், அந்த ஆயாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற எனக்கும் தோன்றவில்லை. வழக்கில் யாருமே கூப்பிடவில்லை என்று வையுங்கள். ஏன் கூப்பிடவில்லை? பயந்தாரா, பயமுறுத்தினார்களா, அன்றைக்குக் கொட்டகையில் அவருக்குப் பதில் வேறு யாராவது இருந்தார்களா? கதை அங்கே இருக்கிறது.

பால்மரம்: நஷ்ட ஈடு?

தப்பான தண்டனைக்கு இவ்வளவு என்று கொடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை.

ரசிகை: சரி, ஜூரி வேண்டாம். சுத்தியல் மட்டும்?

இல்லை.

மூணு பிள்ளைக்காரி: கோபமாக எழுதிவிட்டேன் ஐயா, ஆயா மகளும் மன்னிக்கவேண்டும். ஒன்று கேட்கிறேன். அவள் வெளியே வரும்போது 2010. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டிருப்பார்கள், லயத்தை இடித்திருப்பார்கள். ஆயாவை எங்கே போய்த் தேடுவாள்?

லயத்தை இடித்தாலும் பல இடங்களில் மாரியம்மன் கோயிலை விட்டிருக்கிறார்கள்மா. செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கும். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போனவர்கள் வருடத்தில் ஒரு நாள், திருவிழாவுக்கு, அங்கே வந்துவிடுவார்கள். அன்றைக்குப் போகச் சொல்லுங்கள். யாரையும் விசாரிக்க வேண்டாம், கூழ் ஊற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஆயா வந்தால் அங்கேதான் வருவார், பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்க.