வாக்குத்தத்த அட்டையும் வேலைநீக்கக் கடிதமும்

வாசகர் கேள்விகளுக்கு ஆயர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வேலையைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லாததால் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் நிறுவனங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 43. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புத்தாண்டுக்கென்று வேதவசனம் அச்சடித்துக் கொடுக்கும் அட்டை), "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்றிருந்தது. சூப்பர்வைசர் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்த நேரம் அது. அட்டையை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மார்ச் மாதம் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரர், தசமபாகத்தில் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான காணிக்கையில்) குறைவைத்தீர்களா என்று கேட்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கிளம்பிப் போகிறேன். தேவனுடைய வார்த்தை பொய்யா, அல்லது என் விசுவாசம்தான் பொய்யா? பதினாறு ஆண்டு உழைப்பும் வீண்தானா?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்குப் போகுமுன், இடையில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்று மாலையே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. ஊழியத்துக்கு வருமுன் நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் நேரக்கணக்கராக இருந்தேன். ஆலை கதவடைப்புச் செய்தபோது, நீங்கள் செய்வதையே நானும் ஒன்பது நாட்கள் செய்தேன். தூக்குவாளியோடு கிளம்பி, ரயில் நிலைய நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, வேறொரு ஆலையின் மதியச் சங்கு ஊதியதும் பழக்கத்தால் மூடியைத் திறந்து தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட் முடியும் நேரத்துக்குச் சரியாக வீடு திரும்புவேன். பத்தாம் நாள் காலை என் மனைவி துவைக்கும் கல்லருகே என் சட்டையை உதறிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரமாச் சட்டையில பஞ்சே இல்லையே" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு மூன்றாம் நாளே தெரிந்திருந்தது. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். வேலை போனதைக்காட்டிலும் அந்த ஒன்பது நாள் நடிப்புத்தான் என் ஜெபத்தை அதிகமாகக் கெடுத்தது என்று இப்போது எண்ணுகிறேன். வீட்டிலிருப்பவர்களிடம் மறைக்கும் காரியத்தைத் தேவனிடம் மட்டும் திறந்து பேச முயன்றால் வார்த்தைகள் தொண்டையோடு நின்றுவிடுகின்றன.

இனி அட்டைக்கு வருவோம். அதிலிருந்த வசனம் உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில் வருவது. மோவாபின் சமவெளியில், கானானுக்குள் நுழையவிருந்த ஒரு ஜனத்துக்கு மோசே உடன்படிக்கையின் நிபந்தனைகளை விரித்துரைக்கும் நீண்ட பேச்சின் ஒரு துண்டு அது. "கட்டளைகளுக்குச் செவிகொடுத்துவந்தால்" என்ற நிபந்தனை வசனத்துக்குள்ளேயே இருக்கிறது; அட்டையில் இடம் போதாமையால் அது வெட்டுப்பட்டுவிடுகிறது. அதே அதிகாரத்தின் 44ஆம் வசனத்தில், "அவன் தலையாயிருப்பான், நீ வாலாயிருப்பாய்" என்றும் எழுதியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்த வசனத்தை அட்டையில் அச்சடித்த ஒரு சபையையும் நான் பார்த்ததில்லை. (எங்கள் சபையிலும் அட்டை கொடுக்கிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் அதை நிறுத்தலாமா என்று சபைக் கமிட்டியில் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.) ஒரு ஜனத்தின் கூட்டு வாழ்வைப் பற்றிச் சொல்லப்பட்டதைத் தட்டிலிருந்து குலுக்கலில் எடுத்து, ஒரு தொழிற்சாலையின் பதவி உயர்வுப் பட்டியலோடு பொருத்தியது நாம். ஆகையால் தேவன் உங்களிடம் சொன்ன ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டார் என்று நான் கருதவில்லை. அவர் அப்படிச் சொன்னதாக நாங்கள், அதாவது மேடையில் நிற்கும் என்னைப் போன்றவர்கள், உங்களை நம்பவைத்தோம். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்பதே முறை.

தசமபாகம் பற்றிக் கேட்ட சகோதரருக்கு யோபின் சிநேகிதர்களை நினைவூட்டலாம். அவர்கள் ஏழு நாள் வாய் திறவாமல், எல்லாவற்றையும் இழந்து துன்பத்திலிருந்த யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். புத்தகத்தின் முடிவில் தேவன் கோபங்கொள்வது அவர்கள்மேல்தானே தவிர, தேவனோடு வழக்காடிய யோபின்மேல் அல்ல. கம்பெனிக்கு ஆர்டர் குறைந்ததற்கும் உங்கள் காணிக்கைக் கவருக்கும் முடிச்சுப் போடுகிறவர், உங்களோடு பட்டியலில் இருந்த மற்றவர்களின் காணிக்கைக் கணக்கையும் பார்த்துவிட்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

எகிப்துக்கு அடிமையாக விற்கப்பட்டு, பின்பு அங்கேயே அதிகாரியாக உயர்ந்த யோசேப்பின் கதையை உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். சிறைச்சாலையிலிருந்து சிங்காசனத்துக்கு என்ற தலைப்பில் நானும் பிரசங்கித்திருக்கிறேன். அந்தப் பகுதியை மறுபடி மெதுவாக வாசித்துப் பாருங்கள். கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்னும் செய்தி ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தில் நான்கு முறை வருகிறது: இருமுறை அவன் போத்திபாரின் வீட்டில் அடிமையாயிருந்த காலத்தைப் பற்றி, இருமுறை சிறைச்சாலையைப் பற்றி. அவன் முத்திரை மோதிரமும் மெல்லிய வஸ்திரமும் பெற்று இரதத்தில் ஏறும் 41ஆம் அதிகாரத்தில் அந்தச் சொற்றொடர் ஒருமுறைகூட இல்லை. எழுதியவர் அதைச் சொல்லவேண்டிய இடம் எது என்று எண்ணினாரோ, அங்கே சொல்லியிருக்கிறார். விற்கப்பட்டபோது யோசேப்புக்கு வயது 17. பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. இடையிலிருந்த பதின்மூன்று ஆண்டுகளை நாம் ஒரு பெருமூச்சில் கடந்து அரண்மனைக்கு ஓடிவிடுகிறோம்.

உழைப்பு வீணா என்ற கேள்விக்கு வேறொரு மனிதரைக் காட்டுகிறேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டவர். அதே நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகிய கோட்டைத் தலைவரோ அவரை 1708இன் இறுதியில் பிடித்து ஏறத்தாழ நான்கு மாதம் சிறையில் வைத்தார். மேலதிகாரியால் வந்த துன்பம் என்று இதைச் சொல்லலாம். வெளியே வந்தவர் தாம் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து தாளைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கவேண்டியதாயிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரை வந்தபின், 1719இல், 36ஆம் வயதில் இறந்துபோனார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்சே முடித்தார். அதையும் பின்வந்தவர்கள் திருத்தினார்கள், பெயர்த்தெழுதினார்கள். இன்று நம் கையிலிருக்கும் வேதாகமத்தின் வாக்கியங்கள் பெரும்பாலும் அவருடையவை அல்ல. ஆனாலும் வரிசையின் தலைமாட்டில் அவர் இருக்கிறார். நீங்கள் சோதித்து அனுப்பிய பிரேக் பாகங்கள் இப்போதும் எங்கேயோ ஒரு வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்திக்கொண்டிருக்கின்றன. ஆட்குறைப்புக் கடிதம் அந்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

செய்யவேண்டியவை சில உண்டு. கணக்கை முழுமையாக முடித்துத் தருகிறார்களா, பணிக்கொடையும் வருங்கால வைப்புநிதியும் சரியாக வருகின்றனவா, அனுபவச் சான்றிதழில் பதினாறு ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய சக ஊழியர்களுக்குத் தொலைபேசியில் பேசி வேலை தேடுவதாக வெட்கமின்றிச் சொல்லுங்கள். யோசேப்பே அப்படிச் சொன்னவன்தான்: "என்னை நினைத்து, என்மேல் தயைவைத்து" என்று பானபாத்திரக்காரரின் தலைவனிடம் சிபாரிசு கேட்டான். அவன் இரண்டு வருஷம் மறந்துபோனான் என்பது வேறு விஷயம்; கேட்டது அவிசுவாசம் என்று வேதம் சொல்லவில்லை.

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வராத சரக்குக்கு வந்ததாகக் கையெழுத்திடச் சொன்னார்கள். மனச்சாட்சி இடங்கொடாததால் மறுத்துவிட்டேன். அதன்பின் இரண்டு முறை, எனக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. உண்மையாயிருப்பவர்களைத் தேவன் உயர்த்துவார் என்பார்கள். எனக்குப் பொறாமைதான் உயர்கிறது.
(சகோதரி ஒருவர், திருச்சி)

பதில்: கடைசி வாக்கியத்துக்காக உங்களை வாழ்த்துகிறேன், சகோதரி. 73ஆம் சங்கீதத்தில் ஆசாப்பும், துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டேன் என்று ஒளிக்காமல் பாடியிருக்கிறார். அது ஆலயத்தில் பாடப்பட்ட பாட்டு.

உண்மை உயர்வைக் கொண்டுவரும் என்பதற்கு, அந்நிய அரசர்களிடம் அலுவல் பார்த்த தானியேலைக் காட்டுவார்கள். ஆனால் தானியேல் 6ஆம் அதிகாரத்தில், அவனுடைய அலுவலில் குற்றமும் குறைவும் காணமுடியாமற்போனதுதான் சிங்கக் கெபிக்கு வழியாயிற்று. குறை இருந்திருந்தால், அவனை வீழ்த்தப் பார்த்த மற்ற அதிகாரிகள் வேறு சட்டம் தேடியிருக்கமாட்டார்கள். உண்மைக்குச் சம்பளம் உடனே கிடைக்கும் என்று நான் உங்களுக்கு எழுதினால், முந்தைய கடிதத்துக்கு எழுதிய பதிலை நானே அழித்தவனாவேன்.

அதைவிட முதல் அதிகாரத்துத் தானியேல் உங்களுக்கு உதவக்கூடும். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தீர்மானித்தவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. முதலில் பிரதானியிடம் வேண்டிக்கொண்டான். அவர் ராஜாவுக்குப் பயந்து தயங்கியபோது, அடுத்த நிலையிலிருந்த மேல்ஷாரிடம் போய், பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப்பாரும் என்றான். மறுப்பவன், எதிரிலிருப்பவருக்கு ஆபத்து வராத ஒரு மாற்று வழியையும் கையோடு கொண்டுபோகிறான். நீங்களும், "வந்த சரக்குக்கு மட்டும் இன்றே கையெழுத்திடுகிறேன், மீதி வந்ததும் அன்றைய தேதியிட்டு இடுகிறேன்" என்று பணிவாகவும் எழுத்திலும் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலின் நகல் உங்களிடம் இருக்கட்டும். தணிக்கை வரும் நாளில் கையெழுத்துப் போட்டவரைத்தான் முதலில் அழைப்பார்கள் என்பது கணக்குப் பிரிவிலிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேறிடத்தில் வேலை தேடுவதும் தோல்வியாகாது. பொறாமையைப் பொறுத்தவரையில், பதவி உயர்வு பெற்ற அந்த இருவரின் பெயரையும் ஜெபத்தில் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் பற்களைக் கடித்துக்கொண்டுதான் சொல்லவரும்.

கேள்வி: கிறிஸ்தவ நிர்வாகத்தின்கீழ் இயங்கும் ஒரு பள்ளியில் ஆசிரியை. நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. கேட்டால், "இது ஊழியம், தேவன் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னபோது, சகோதரன்மேல் சகோதரன் வழக்காடக்கூடாது என்ற வசனத்தைக் காட்டினார் தாளாளர். ஆசிரியர் கூட்டங்களில் ஆரம்ப ஜெபம் செய்யவும் என்னையே அழைக்கிறார். புகார் கொடுத்தால் விசுவாசக் குறைவாகுமா?
(ஆசிரியை, தென்மாவட்டம்)

பதில்: ஆகாது. கூலியைப் பிடித்துவைத்திருப்பவர் கூலிக்காரருக்கு விசுவாசம் போதிக்கும் வழக்கம் புதிதன்று. அதனால்தான் யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதினார். லேவியராகமம் 19:13 கூலியை மறுநாள் விடியும்வரை வைத்திருக்கவே தடைவிதிக்கிறது. நான்கு மாதத்தில் எத்தனை விடியல் என்று தாளாளர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அவர் காட்டிய வசனம் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் எட்டாம் வசனம்வரை அவர் வாசித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே" என்று பவுல் அங்கே கடிந்துகொள்வது பறித்தவரைத்தான். சபைக்குள்ளேயே நியாயம் தீர்க்க ஒரு விவேகி இல்லையா என்று அவர் கேட்பது உண்மை. ஆகவே முதலில் அந்த வழியை முயலுங்கள்: தனியாக அல்ல, சம்பளம் வராத மற்ற ஆசிரியர்களும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைத் தாளாளருக்குக் கொடுத்து, நிர்வாகக் குழுவுக்கும் மேலிடத்துக்கும் நகல் அனுப்புங்கள், பதில் தர ஒரு தேதியையும் குறிப்பிடுங்கள். அந்தத் தேதி கடந்தால் கல்வி அலுவலரிடமோ நீதிமன்றத்திலோ முறையிடத் தயங்கவேண்டாம். அதே பவுல்தான் ரோமத் தேசாதிபதி பெஸ்துவின் முன்னிலையில், "இராயனுக்கு அபயமிடுகிறேன்", அதாவது பேரரசரிடம் மேல்முறையிடுகிறேன், என்றவர். கப்பலேறியபோதும் அவர் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார். மேல்முறையீட்டை அதற்காகத் திரும்பப் பெறவில்லை.

கடிதம் கொடுக்கும்போது உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் ஜெபம் செய்ய அழைத்தால் மறுக்காதீர்கள். பரமண்டல ஜெபத்தில், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரி வரும்போது குரலைத் தாழ்த்தவும் வேண்டாம்.