கடிகாரத்துக்குள் ஒரு காகித வட்டம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் 18ஆம் நூற்றாண்டுப் பாக்கெட் கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். வெளியுறையைக் கழற்றினால் உள்ளே வட்டமாக ஒரு காகிதம். கடிகாரக் கடையின் பெயர், முகவரி, கையில் அரிவாளோடு சிறகு முளைத்த கிழவர். விளம்பரத்தை ஏன் யாரும் பார்க்காத இடத்தில் வைத்தார்கள்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

யார் பார்க்க வேண்டுமோ அவர் தினமும் பார்த்த இடம் அது. அந்தக் கடிகாரங்களுக்கு இரண்டு உறைகள். சாவி நுழைக்கும் ஓட்டை உள்ளுறையின் முதுகில் இருக்கும். அன்றாடம் சாவி கொடுக்க வேண்டும். அதற்கு வெளியுறையிலிருந்து கடிகாரத்தை எடுத்தாக வேண்டும். எடுத்ததும் அடியில் கிடப்பது அந்தக் காகிதம்தான்.

உறைகள் ஒன்றோடொன்று உரசாமல், தூசி புகாமல் இருக்கத்தான் முதலில் ஏதாவது வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் மஸ்லின் துணியில் பூவேலை செய்து கொடுத்ததும் உண்டு. கடைக்காரர்கள் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத்தில் அச்சிட்டார்கள். நீங்கள் பார்த்த கிழவர், காலம் என்பதற்கு ஐரோப்பியர் கொடுத்த உருவம்.

எனக்கு மிகப் பிடித்தது வேறொரு வகை. அதில் விளிம்பைச் சுற்றி மாதங்களும் நிமிடங்களும் இருக்கும். அன்று நேரத்தைச் சரிபார்க்கச் சூரியக் கடிகாரம்தான் கதி. ஆனால் சூரியன் நம் கடிகாரம்போல ஒரே சீராக ஓடுவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். எந்த வாரம் எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்பதை அந்தச் சின்ன வட்டமே சொல்லிவிடும். இப்படிக் கூடவே இருந்து உதவும் விளம்பரத்தை யார் தூக்கிப் போடுவார்கள்?

19ஆம் நூற்றாண்டில் ஒற்றை உறைக் கடிகாரங்கள் பெருகின. காகிதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பிரிட்டிஷ் மியூசியத்திலும், அமெரிக்காவில் வூஸ்டர் நகரின் அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி என்ற ஆய்வு நூலகத்திலும் இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், மறுபடி அந்தக் கடைக்குப் போனால் காகிதத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ரிப்பேர் செய்த தேதியும் வாங்கிய கூலியும் பின்பக்கம் மையில் எழுதப்பட்டிருக்கலாம். அச்சிட்ட முகப்பைவிட எனக்கு அந்தக் கையெழுத்துதான் பெரிது. அடியில் இன்னொரு காகிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடிகாரம் ரிப்பேருக்குப் போன கடைகளில் ஒவ்வொரு கடைக்காரரும் தம்முடைய காகிதத்தைப் பழையதன்மேல் வைத்து மூடியிருக்கலாம்.